சும்மாவின் எடை

கிடங்கில் மூட்டை தூக்குவதை விட்ட பதினெட்டாம் நாள் காலை ஏழேகால் மணிக்கு, கேட் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தராசின் இடது தோளில் நாலேகால் கிலோ ஏறியது. தோள்மேல் ஒன்றும் இல்லை. கையால் தடவிப் பார்த்தார். சட்டை இருந்தது, சட்டைக்குக் கீழே முப்பது வருஷம் காய்த்துப்போன தோல் இருந்தது. எடை மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. அது தண்ணீர் எடை என்று அவருக்கு உடனே தெரிந்தது. மாவும் சிமெண்டும் தோளில் ஏறினால் அசையாமல் கிடக்கும், தண்ணீர் மட்டும்தான் ஆடும். மூன்றாம் மாடியில் பல் டாக்டரம்மா பல் தேய்த்து முடிக்கிறவரை குழாயைத் திறந்தே விட்டிருந்தார் என்பது தெரியவர இன்னும் ஒரு வருஷம் ஆனது.

தராசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, கிடங்கில் வந்தது. முதுகிலோ தலையிலோ மூட்டை ஏறி மூன்று எட்டு வைப்பதற்குள் எடையைச் சொல்லிவிடுவார். ஐம்பது கிலோ என்று அச்சடித்த மூட்டையை இறக்கிவிட்டு, "இது நாப்பத்தெட்டே முக்கால்" என்பார். லாரி ஏஜென்ட் கத்துவார். எடைமேடையில் போட்டால் நாற்பத்தெட்டே முக்கால்தான் நிற்கும். ஒருமுறை மேடை வேறு எடை காட்டியபோது, கிடங்குக்காரர்கள் மெக்கானிக்கை வரவழைத்து மேடையைத்தான் பழுது பார்த்தார்கள். பிறகு மூட்டையைத் தானே நகர்த்திக்கொண்டு போகும் ரப்பர் பெல்ட் வந்தது. பன்னிரண்டு பேரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். தராசுக்கு அன்று ஐம்பது வயது முடிந்து நான்கு நாள். தலைக்கும் மூட்டைக்கும் நடுவில் வைக்கும் துணிச்சுருளான சும்மாட்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நான்கு மாடி, பதினாறு வீடு உள்ள ஒரு கட்டடத்தில் காவல் வேலை கிடைத்தது. வேலையோடு மாடிப்படிக்கு அடியில் ஓர் அறையும் கொடுத்தார்கள். அறையின் ஒரு பக்கம் ஆள் நிற்கலாம், மறுபக்கம் டிரங்குப் பெட்டிதான் நிற்கும். சும்மாடு அந்தப் பெட்டிக்குள் போனது. அவர் மனைவி அதே கட்டடத்தில் நான்கு வீடுகளில் பெருக்கவும் பாத்திரம் தேய்க்கவும் போனாள். கட்டடத்துக்காரர்கள் அவளைத் தராசக்கா என்றார்கள்.

எடைகள் அன்றிலிருந்து தினமும் வந்தன. ஆள் இல்லாத அறையில் எரியும் பல்பு கால் கிலோ. பிடரியில் சூடாக உட்காரும், அணைத்த நொடியில் இறங்கிவிடும். வீணாக ஓடிய தண்ணீர் மறுநாள் விடிந்தால்தான் இறங்கும். காலை ஆறேமுக்காலுக்கு மாடித் தொட்டி நிரம்பி வழியும். மோட்டார் சுவிட்ச் நான்காம் மாடியில் கட்டடச் சங்கச் செயலாளர் வீட்டுக்குள் இருந்தது. அவருக்கு ஞாபகம் வருகிறவரை தராசு கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி நிற்பார். குப்பையில் கொட்டிய சாப்பாடு கொட்டிய அளவைப்போல் ஏழு மடங்கு ஏறியது. ஏன் ஏழு என்று பின்னாளில் இரண்டாம் மாடிக் கணக்கு டீச்சர் கேட்டபோது, "உழுதது, விதைச்சது, அறுத்தது, தூக்கினது, அரைச்சது, வாங்கிட்டு வந்தது, சமைச்சது. எண்ணிப் பாருங்க டீச்சர்" என்றார். பிளாஸ்டிக் பை ஒன்றுக்கு ஊசி அளவு எடைதான். ஆனால் ஏறிய பை இறங்கவே இல்லை.

கணவனின் தோளைக் கண்டுபிடித்தவள் தராசக்காதான். ஒரு வருஷம் கழித்து ஒரு காலையில் வேலை முடித்து இறங்கி வந்து, "டாக்டரம்மா பல் தேய்க்கிறதுக்குள்ள ரேடியோல ஒரு பாட்டே முடிஞ்சுபோகுதுய்யா. குழாய் அதுபாட்டுக்கு ஓடுது" என்றாள்.

"எத்தனை மணிக்கு?"

"ஏழேகால்."

தராசு டம்ளரைக் கீழே வைத்தார். "நாலேகால்" என்றார்.

"ஏழேகால்னு சொன்னேன். காதுக்குள்ளயும் மூட்டை ஏறிடுச்சா?"

அப்போதுதான் அவர் சொன்னார். அவள் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. மறுநாள் டாக்டரம்மா துண்டு எடுக்கப் போன நேரம் பார்த்துக் குழாயை மூடிவிட்டு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். அவர் ஒரு விரலைக் காட்டினார்: ஒன்றுதான் ஏறியது. அதிலிருந்து அவள் வேலை செய்யும் நான்கு வீடுகளில் விளக்கும் விசிறியும் குழாயும் அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. மிச்சம் பன்னிரண்டு வீடுகளுக்குள் நுழைய அவளுக்கு வழியில்லை. வெளியில் சொல்லலாம் என்று அவள் சொன்னபோதெல்லாம் தராசு தடுத்தார். "முப்பது வருஷம் தூக்கினேன், இதையும் தூக்கிட்டுப் போறேன். சொன்னா கிறுக்குன்னு அனுப்பிடுவாங்க. அப்புறம் பெட்டியை எங்க வைப்பே?" அவர்மேல் மட்டும் ஏன் ஏறியது என்று பின்னால் பலர் கேட்டார்கள். மற்றவர்கள் யாரும் தூக்கிப் பழகாதவர்கள், எடைக்கும் அது தெரியும் என்பாள் தராசக்கா. அதற்குமேல் அந்தக் கட்டடத்தில் யாரும் காரணம் தேடவில்லை.

ஒன்பது வருஷத்தில் அவர் வளைந்துபோனார். மூன்றாம் வருஷம் வருகிறவர்களின் முகம் அவர் கண்ணிலிருந்து போனது. ஐந்தாம் வருஷம் சட்டைப் பொத்தான் போனது, ஏழாம் வருஷம் இடுப்பு. ஒன்பதாம் வருஷம் அவர் பார்வைக்குள் காலும் செருப்பும் மட்டுமே இருந்தன. அதனால் வேலைக்குக் குறை வரவில்லை. குதிகால் உள்பக்கம் தேய்ந்த செருப்பு டீச்சர். நகத்தில் நூல் ஒட்டியிருக்கும் கால் முதல் மாடித் தையல்காரர். பழுப்பு நிற ஷூ, வலது ஷூவில் கயிறு கோக்கும் ஓட்டை ஒன்று கிழிந்தது, செயலாளர். பார்த்ததும் தராசு தலையை ஆட்டி வணக்கம் சொல்லுவார், ஒரு நாளும் தப்பியதில்லை.

பத்தாம் வருஷம் தப்பியது. ஓட்டை கிழிந்த ஷூவைச் செயலாளர் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்கியிருந்தார். எவனோ அதை எடுத்துப் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் வந்தான். தராசு, "வணக்கம் சார்" என்றார். பழைய ஷூ உள்ளே போய் ஒரு சைக்கிளோடு வெளியே வந்தது. அதற்கும் வணக்கம். கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்து இரண்டாவது சைக்கிளோடு போனது. ஆக மொத்தம் திருடனுக்கு நான்கு வணக்கம். அன்று மாலையே வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக் கூட்டம் கூட்டினார்கள்.

செயலாளர் கெட்டவர் அல்ல, சட்டம் பேசுகிறவர். முப்பத்தைந்து வருஷம் ஓர் அலுவலகத்தில் கோப்பு நகர்த்தியவர். "காவல்காரன்னா முகம் பார்க்கணும். இவர் காலைத்தான் பார்க்கிறார். கேட்ல ஒரு கேமரா மாட்டிடலாம். அறையை அடுத்த மாசம் காலி பண்ணிக்கொடுத்தா போதும்" என்றார். தராசு கூட்டத்தின் ஓரத்தில் பதினாறு ஜோடிக் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு காலும் அசையவில்லை.

தராசக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நடுவில் வந்தாள். "இவரைக் குனிய வெச்சது யாரு? காலைல தொட்டி வழியுதே, அறுபது கிலோ, அது உங்களுது சார். டாக்டரம்மா, பல்லைச் சொத்தை இல்லாம வெச்சுக்கச் சொல்றீங்க, நான் மூடாத நாள்ல நாலேகால் கிலோவை இவர் தோள்ல வெச்சுட்டுத்தான் சொல்றீங்க. தையக்கார அண்ணன் வெட்டுத்துணியை மூட்டையா கட்டி எறியுறார், அது ரெண்டு கிலோ. ஒருநாளாவது இறக்கி வெச்சீங்களா? இப்போ கூன் விழுந்துடுச்சுன்னு அனுப்புறீங்க."

யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. தெருவில் போன பழைய பேப்பர்காரரின் எடைமேடையை உள்ளே கொண்டுவரச் சொல்லி, அதில் தராசை நிற்கவைத்தார். டாக்டரம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, இந்த உடம்பு ஐம்பத்தைந்தைத் தாண்டாது என்றார். முள் நூற்று நாற்பத்து மூன்றில் நின்றது. டீச்சர் தலையைத் தூக்கி, "மேல ஆள் இல்லாத ரூம்ல எல்லாத்தையும் அணைங்க" என்று கத்தினார். வீடு வீடாக விளக்கு அணைய அணைய முள் கால் கிலோ கால் கிலோவாக இறங்கியது. "ரெண்டாம் மாடி பின்னறை விசிறி இன்னும் ஓடுது" என்றார் தராசு, தரையைப் பார்த்தபடியே. அது டீச்சர் வீடு. டீச்சர் ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தபோது முள் நூற்று முப்பத்தொன்றில் இருந்தது. பேப்பர்காரர் மேடையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மிஷின் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி, தன் வேலையைப் பார்க்கப் போனார்.

செயலாளர் எழுந்து தொண்டையைச் செருமினார். ஒரு வருஷம் அவகாசம். அதற்குள் கேட்டில் வருகிறவர் முகத்தைப் பார்க்கிற அளவுக்கு நிமிர்ந்தால் வேலையும் அறையும் அவருக்கு. இல்லையென்றால் கேமரா. தேதி குறித்தார்கள். செயலாளர் சொன்னதைச் செய்கிறவர். மறுவாரமே கேமராவை வாங்கி, ஆணி, திருகு, துளைபோடும் கருவியோடு அலமாரியில் தயாராக வைத்தார்.

அந்த வருஷம் அந்தக் கட்டடத்தில் மனிதர்கள் பழக்கம் மாறியது இப்படித்தான். டாக்டரம்மா குவளையில் தண்ணீர் பிடித்துப் பல் தேய்த்தார். முதல் நாள் மறந்துபோய்க் குழாயைத் திறந்தார், கீழிருந்து "ம்ம்" என்று ஒரு முனகல் வந்தது, மூடிவிட்டார். தொட்டியில் மிதவை வைத்தார்கள். நிரம்பினால் மோட்டார் தானே நின்றது. குளிக்கிறவர்கள் வாளிக்கு வந்தார்கள். எத்தனை பேருக்கோ அத்தனை பேருக்கு அளந்து சமைத்தார்கள், மிஞ்சினால் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பதினைந்து வருஷம் எதிரெதிரே இருந்தும் பேர் தெரியாதவர்கள் அப்படித்தான் பேர் தெரிந்துகொண்டார்கள். காய்கறித் தோல் மொட்டைமாடி மண்தொட்டிக்குப் போனது. முதல் மாடிக்குப் போக லிஃப்டைக் கூப்பிடுவதை விட்டார்கள், ஏனென்றால் லிஃப்டில் ஏறுகிறவரின் எடை முழுசாகத் தராசின் முதுகில் ஏறியது, அதை அவர் எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொல்லிவிடுவார். "எழுபத்தெட்டு. போன மாசம் எழுபத்தாறுதானே சார்?" அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே செயலாளர் நான்காம் மாடிவரை நடந்து ஏறினார்.

சண்டையும் வந்தது. தையல்காரர் வீட்டில் ரேடியோ காலையிலிருந்து மாலைவரை காலி அறையில் பாடிக்கொண்டிருக்கும். நாங்கள் குவளையில் பல் தேய்க்கிறோம், அவர் கச்சேரி நடத்துகிறார் என்று மற்றவர்கள் புகார் சொன்னார்கள். தராசு தோளை ஆட்டிப் பார்த்துவிட்டு, அதற்கு எடையே இல்லை என்றார். யாரும் நம்பவில்லை. டீச்சர் நேரில் போய்ப் பார்த்தார். தையல்காரர் வீட்டுப் பூனைக்கு இரண்டு கண்ணும் தெரியாது. ரேடியோ சத்தத்தை வைத்துத்தான் அது தட்டு எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிந்து நடந்தது. ரேடியோவை நிறுத்தினால் நடு அறையில் உட்கார்ந்து அழுதது. டீச்சர் இறங்கி வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து, எடை ஏறுவது எது, ஏறாதது எது என்று யோசித்தார். அவர் வீட்டுக் குடை எட்டு மாதமாக ஆணியில் தொங்குகிறது, எடை இல்லை. அது மழைக்குக் காத்திருக்கிறது. பின்னறை விசிறி யாருக்கும் காத்திருக்கவில்லை. "அப்போ எதுக்குத்தான் எடை?" என்று கேட்டார்.

பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்த தராசக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "சும்மாவுக்கு."

"என்ன?"

"சும்மா எரியுது, சும்மா ஓடுது, சும்மா கிடக்குது. இந்தச் சும்மாவைத்தான் இவர் தூக்குறார். வேலை செய்யுறதுக்கு எடை கிடையாது டீச்சர். எனக்கு எடை இருக்கான்னு கேட்டுப் பாருங்க."

தராசு தோளைத் தடவிப் பார்ப்பதுபோல் நடித்து, "கோவம் வந்தா மட்டும் அரைக் கிலோ" என்றார்.

காரணம் புரிந்த பிறகுதான் பெரிய தப்பு நடந்தது. ஆறாம் மாதத்தில் அவர் எடைமேடையில் தொண்ணூற்றைந்துக்கு வந்திருந்தார், கண் மற்றவர் இடுப்புவரை எட்டியிருந்தது. செயலாளருக்கு உற்சாகம் தாங்கவில்லை. மிச்சத்தை ஒரே நாளில் இறக்கிவிடலாம் என்று திட்டம் போட்டார். பிளாஸ்டிக் எல்லாம் வெளியே, புதுசு எல்லாம் உள்ளே. ஒரு வீட்டுக்கு ஆறு துணிப்பை, கட்டடத்தின் பெயர் அச்சடித்து, மொத்தம் தொண்ணூற்றாறு. மூங்கில் பிரஷ், ஸ்டீல் பாட்டில், மர வாளி. பழைய வாளிகளும் டப்பாக்களும் குவளைகளும், உடைசல் இல்லாதவை உட்பட, குப்பை லாரியில் ஏறின. ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் கேட்டில் எல்லாரும் நின்று கைதட்டினார்கள். லாரி தெருமுனை திரும்பியதும் தராசு முதலில் முழங்கால் போட்டார், அப்புறம் கை ஊன்றினார், அப்புறம் கன்னம் தரையில் பட்டது. நான்கு பேர் சேர்ந்து தூக்கியும் அவரை அசைக்க முடியவில்லை. டாக்டரம்மா நாடி பிடித்துப் பார்த்து, உயிருக்கு ஆபத்தில்லை, பாரம்தான் என்றார்.

"என்னய்யா பண்ணுது?" என்று தராசக்கா தரையோடு தரையாகப் படுத்துக் கேட்டாள்.

"பை" என்றார். மூச்சு வாங்கியது. "தொண்ணூத்தாறும்."

செயலாளர் தலையில் கை வைத்தார். "துணிப்பை நல்லதுதானேம்மா? நல்லதுக்குமா எடை?"

"வாங்கின பையில ஒண்ணையாவது பிரிச்சீங்களா சார்? நல்லது உங்க அலமாரில படுத்துத் தூங்குது, இவர் இங்க படுத்திருக்கார். உழைக்கிற வாளியை எறிஞ்சுட்டு உழைக்காத வாளியை வாங்கி வெச்சா அது எப்படி எறங்கும்?"

முப்பத்தைந்து வருஷம் கோப்பு நகர்த்தியவர் அன்று கால்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டுக் குப்பைமேட்டுக்குப் போனார். கூட டீச்சரும் தையல்காரரும் இன்னும் சிலரும் போனார்கள். தங்கள் வாளியைத் தாங்களே அடையாளம் கண்டு எடுத்துவந்தார்கள். செயலாளர் வாளியின் பிடி கம்பியால் கட்டியிருந்தது, அது அவரே கட்டியது. மர வாளிகளையும் பாட்டில்களையும் பிரஷ்களையும் வாங்கிய கடைக்கே திருப்பினார்கள். வீட்டுக்கு ஒரு பை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சம் எண்பதையும் காய்கறிக்கடை வாசலில் கொக்கி அடித்து மாட்டினார்கள்: பை மறந்து வந்தவர்கள் எடுத்துப்போய் மறுமுறை கொண்டுவந்து மாட்டலாம். முதல் பத்துப் பை கொக்கியை விட்டுக் கிளம்பியபோது தராசு புரண்டு படுத்தார். முப்பதாவது பை கிளம்பியபோது எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார்.

அதன்பிறகு யாரும் புதிதாக ஒன்றும் வாங்கவில்லை, இருந்ததை வேலை செய்யவைத்தார்கள். இறங்காமல் இருந்த பிளாஸ்டிக் பைகளுக்கும் வழி கிடைத்தது. கட்டடத்தைச் சுற்றியிருந்த சாக்கடையிலும் புதரிலும் பத்து வருஷமாகக் கிடந்தவற்றை ஞாயிற்றுக்கிழமைகளில் கிளறி எடுத்துக் கழுவிக் காயவைத்தார்கள். தையல்காரர் வெட்டுத்துணியையும் அதையும் சேர்த்துத் தைத்து மோட்டார் கொட்டகைக்குத் தார்ப்பாய் ஆக்கினார். அதை விரித்த அன்று பதினோரு கிலோ ஒரே தடவையில் இறங்கி, தராசு பின்னால் சாய்ந்து விழப் பார்த்தார். பத்தாம் மாதம் சட்டைப் பொத்தான்கள் தெரிந்தன. பதினோராம் மாதம் கழுத்துகள். செயலாளருக்குக் கழுத்தில் மச்சம் இருப்பதை அப்போதுதான் பார்த்தார்.

ஒன்று மட்டும் அவரை உறுத்தியது. நான்காம் மாடி அலமாரியில் கேமரா பிரிக்காமல் கிடந்தது, அதற்கு எடை ஏறவில்லை. ஒரு கிராம்கூட இல்லை. அப்படியென்றால் அது சும்மா இல்லை, தேதிக்குக் காத்திருக்கிறது. தினமும் காலையில் எழுந்ததும் இடது தோளைத் தொட்டுப் பார்ப்பார். காலியாக இருக்கும். செயலாளர் இன்னும் சொன்ன சொல்லில்தான் நிற்கிறார் என்று மனைவியிடம் சொல்லுவார்.

தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது இறங்குவது நின்றுபோனது. பேப்பர்காரரின் மேடையில் ஐம்பத்தைந்து கிலோ நூற்றெண்பது கிராம். அந்த நூற்றெண்பது தோளில் இல்லை, உச்சந்தலையில் உட்கார்ந்திருந்தது. அதனால் தாடை நெஞ்சை விட்டுக் கிளம்பவில்லை. கழுத்துவரை தெரிந்தது, முகம் தெரியவில்லை. பதினாறு வீடும் அலசினார்கள். செயலாளரே டார்ச்சோடு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தார். நின்றுபோன கடிகாரத்தைப் பழுது பார்த்தார்கள், டாக்டரம்மா ஒற்றைக் கம்மலை உருக்கக் கொடுத்தார், யாரோ படிக்காமல் வைத்திருந்த புத்தகத்தை உட்கார்ந்து படித்து முடித்தார்கள். எதுவும் அசையவில்லை. தராசும் எல்லாரோடும் தேடினார், ஆனால் மெதுவாகத் தேடினார். அதைக் கவனித்தவள் ஒருத்திதான்.

தேதிக்கு முதல்நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது தராசக்கா கேட்டாள். "மூணு எட்டு வைக்கிறதுக்குள்ள எடை சொல்றவர், ஒரு வாரமா இது என்னன்னு தெரியாம சுத்துறியா? தலையைத் தொட்டுச் சொல்லு."

அவர் தொட்டுச் சொல்லவில்லை. டிரங்குப் பெட்டியைப் பார்த்தார். அவள் பெட்டியைத் திறந்து அடியில் கையை விட்டு அந்தத் துணிச்சுருளை எடுத்தாள். வியர்வையில் கறுத்து, நடுவில் அவர் தலையின் குழி அப்படியே பதிந்திருந்தது. பதினோரு வருஷமாக ஒருவருக்கும் உதவாமல் கிடந்த சும்மாடு.

"முதல் நாளே தெரியும்" என்றார். "முப்பது வருஷம் இருந்த இடத்துல வந்து உக்காந்துச்சு. எப்படித் தெரியாம இருக்கும்? வெச்சிருக்கட்டுமேன்னு பார்த்தேன்."

"ஊரான் வீட்டு வாளிக்கெல்லாம் கத்தினோமே."

"கத்தினோம்."

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தை இறக்க வேண்டியிருந்தது, துணி அவள் கையில் இருந்தது. அதைப் பிரிக்காமல், சுருளாகவே தரையில் வைத்து அதன்மேல் பாத்திரத்தை இறக்கினாள். பாத்திரம் ஆடாமல் பொருந்தி உட்கார்ந்தது. தராசு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை பாத்திரத்திலிருந்து அவள் கைக்கு ஏறியது, கையிலிருந்து தோளுக்கு, அங்கே நிற்காமல் மேலே போனது. எட்டு வருஷம் கழித்து மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"உனக்கு முடி நரைச்சிருக்கு" என்றார்.

"உனக்கும்தான், மேலேயிருந்து நான் தினமும் பார்த்துட்டுத்தான் இருக்கேன். சாப்பிடு, ஆறுது."

மறுநாள் காலை செயலாளர் கேட்டுக்கு வந்து அவர் முன்னால் விறைப்பாக நின்றார். பின்னால் பதினாறு வீடும் நின்றது. "நான் யாரு?" என்று கேட்டார். தராசு அந்த முகத்தை நிதானமாகப் பார்த்தார். மூக்கு, மீசை, கண்ணாடி எல்லாம் இருந்தது. எட்டு வருஷம் பார்க்காததில் அது எவனோ ஒருவன் முகமாகிவிட்டிருந்தது. பக்கத்து முகங்களைப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. மெல்லக் குனிந்து காலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "செயலாளர் சார், வணக்கம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், செயலாளர் சிரிக்கவில்லை. "நிமிர்ந்தது உண்மை. ஆனா முகம் தெரியலையே. பேசி முடிவு பண்றோம்" என்று சொல்லி, கூட்டத்தை நான்காம் மாடிக்கு, தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். யாரும் லிஃப்டில் ஏறவில்லை.

கீழே இவர்கள் இருவரும். தராசக்கா படிக்கட்டில் உட்கார்ந்து துடைப்பக் குச்சிகளை இறுக்கிக் கட்டினாள். ஐந்து நிமிஷம் ஆனது, பத்து ஆனது. மேலே நாற்காலி இழுக்கும் சத்தம், டீச்சர் குரல், அப்புறம் எல்லார் குரலும். அறையைக் காலி செய்தால் பெட்டியை யார் தூக்குவது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, தராசின் உடம்பு இடது பக்கம் சாய்ந்தது.

"என்ன?"

"ஏறுது. ஒண்ணரை கிலோ. முனை குத்துது, அட்டைப்பெட்டி." தோளை ஒருமுறை குலுக்கிப் பார்த்தார். "நாலாம் மாடி. புதுசு."

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். தராசு கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் கோணி நின்றபடி சிரித்தார். "கேமரா சும்மா ஆயிடுச்சு" என்றார்.

செயலாளர் செய்தி சொல்ல மூச்சிரைக்க நான்கு மாடி இறங்கி வந்தபோது, இவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. "சார், அந்தப் பெட்டியை முதல்ல கடையில குடுத்துட்டு வாங்க, வலிக்குது" என்றாள் தராசக்கா. அவர் மறுபடி ஏறி, எடுத்துக்கொண்டு இறங்கி, துளைக்கருவியையும் திருகுகளையும் சேர்த்துக் கடையில் கொடுத்துவிட்டு வந்தார்.

அது ஆறு வருஷத்துக்கு முன்னால். இப்போது அந்தக் கட்டடத்துக்குப் போகிறவர்கள் கேட்டில் நின்று ஒரு காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக் காட்டுவார்கள், தராசு பார்த்துத் தலையாட்டிய பிறகு உள்ளே போவார்கள். அவர் பெரும்பாலும் நேராகவே நிற்பார். பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தால், யாரும் அவரைத் தாங்கப் போவதில்லை, மேலே அண்ணாந்து, "விசிறி!" என்று ஒரு குரல் கொடுப்பார்கள், எங்கேயோ ஒரு கை விசிறியை அணைக்கும், அவர் நிமிர்ந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்.